அனாமத்துக் கணக்கு

1

ஓர் அரசு, தன் நிர்வாகம் செய்த அநீதி என்ன என்று தானே கண்டறியப் பணம் ஒதுக்குகிறது. நீதிபதி ஒருவரை நியமிக்கிறது. அலுவலகம், வழக்கறிஞர், சுருக்கெழுத்தாளர், அச்சுக்கூலி என்று எல்லாவற்றுக்கும் கருவூலத்திலிருந்து கொடுக்கிறது. இந்தப் பணத்துக்கு அது யாரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது? பாராளுமன்றத்திடம், தணிக்கை அதிகாரியிடம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் நகர்ந்துவிடுகிறார்கள். கணக்குக் காட்டுவதற்கும் பொறுப்பேற்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தப் பதிலில் கரைந்துபோகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தணிக்கை வவுச்சரைப் பார்க்கிறது. ஒப்புதல் யார் தந்தது, தொகை எந்தத் தலைப்பில் விழுந்தது, ரசீது உண்டா. மூன்றும் சரியென்றால் செலவு சரி. லிபரான் கமிஷனை எடுத்துக்கொள்ளலாம். பாபர் மசூதி இடிக்கப்பட்டுப் பத்து நாள் கழித்து, 1992 டிசம்பர் 16-இல் அது நியமிக்கப்பட்டது. மூன்று மாதத்தில் அறிக்கை தரவேண்டும். 48 முறை காலநீட்டிப்புப் பெற்று 2009 ஜூன் 30-இல்தான் தந்தது. செலவு ஏறத்தாழ 8 கோடி ரூபாய். பத்திரிகைகள் இந்த 8 கோடியையே திருப்பித் திருப்பி எழுதின. அந்தக் கோபத்தில் ஒரு பாமரத்தனம் இருக்கிறது. பதினாறரை வருஷத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வருஷத்துக்கு அரைக் கோடிகூட வராது. ஓர் அரசுக்கு அது ஒரு தொகையே இல்லை. ஒரு சாட்சியின் சொல் பதினாறரை வருஷம் காத்திருந்ததற்கு எந்தத் தலைப்பிலும் வவுச்சர் கிடையாது. நம் கோபம் அங்கே போகவில்லை. எண்ணாக எழுத முடிந்ததன் மேல் மட்டும் கோபப்பட நமக்குப் பழக்கமாகிவிட்டது.

குமாஸ்தா உத்தியோகம் எனக்குக் கற்றுத்தந்த ஒரு விஷயம் இங்கே உதவக்கூடும். கிளையில் மாலை கணக்கு முடிக்கும்போது ஏதேனும் ஒரு தொகை எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று தெரியாமல் நிற்கும். அதை சஸ்பென்ஸில் போடுவோம். பழைய கணக்கப்பிள்ளைகள் இதை அனாமத்து என்பார்கள். போட்ட மாத்திரத்தில் பற்றும் வரவும் நேராகிவிடும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அனாமத்தில் போடுவது தவறில்லை. அது ஒரு சௌகரியம், சில சமயம் நிர்ப்பந்தம். ஆனால் அங்கே போட்டதை உரிய தலைப்புக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் வருஷக்கணக்கில் கிடந்தால், அது எவ்வளவு சிறிய தொகையானாலும், சோதனைக்கு வருபவர் முதலில் கை வைப்பது அந்தப் பக்கத்தில்தான்.

நம் நாட்டில் விசாரணைக் கமிஷன்கள் அரசின் அனாமத்துக் கணக்காக இருக்கின்றன. எந்தத் தலைப்பிலும் பொருந்தாத ஒரு கொடுமை நிகழ்கிறது. கமிஷன் போடப்படுகிறது. அன்றைய கணக்கு நேராகிவிடுகிறது.

2

இதற்கு மிகச் சரியான உதாரணம் ஷா கமிஷன். நெருக்கடி நிலை முடிந்து, ஜனதா ஆட்சி வந்தபின், 1977 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே. சி. ஷாவின் தலைமையில் அது அமைக்கப்பட்டது. 48,000-க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் மூன்று அறிக்கைகளாகத் தன் முடிவுகளைத் தந்தது. மொத்தம் 500 பக்கத்துக்கு மேல். மிசாவில் 34,988 பேர், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேர் விசாரணையின்றியோ சரியான காரணமின்றியோ அடைக்கப்பட்டதாக மாநிலவாரியாக எண்ணிச் சொன்னது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 81 லட்சம் கருத்தடைச் சிகிச்சைகள் நடந்ததையும், அச்சிகிச்சைகளை ஒட்டி 1,774 மரணங்கள் தெரிவிக்கப்பட்டதையும் பதிந்தது.

1980 ஜனவரியில் இந்திரா காந்தி திரும்பி வந்தார். அறிக்கையின் பிரதிகள் அதன்பின் புழக்கத்திலிருந்து மறைந்தன. அரசே அவற்றைத் திரும்பப் பெற்று அழித்தது என்பது பரவலான பேச்சு. எப்படி மறைந்தன என்ற விவரத்தைவிட, எவ்வளவு சுலபமாக மறைந்தன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஆர்வெல் ஞாபகம் வரும். அவருடைய வின்ஸ்டன் ஸ்மித் ஆவணத் துறையில் ஒரு குமாஸ்தா. கடந்த காலத்தைத் திருத்தி எழுத அங்கே ஒரு பெரிய ஸ்தாபனமே இயங்குகிறது. நமக்கு அத்தனை சிரமம் தேவைப்படவில்லை. மறுபடி அச்சிடாமல் இருப்பதே போதுமானதாக இருந்தது. நூலகர்கள் கேட்கவில்லை, பல்கலைக்கழகங்கள் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய நூலகத்தில் பிரதி இருக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டு ஆறுதல் பட்டோம்.

அந்த அறிக்கையை 2010-இல் சென்னையிலிருந்து நூலாக மறுபடி வெளியிட்டவர் இரா. செழியன். தொலைந்தது, மீண்டும் கிடைத்தது என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். 1971 முதல் 1973 வரை பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அரசு செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அதற்குத்தான் செலவானதா என்று கேட்பது அக்குழுவின் வேலை. பதவியெல்லாம் போய் வெகுகாலத்துக்குப்பின், எண்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் அந்தக் கேள்வியைப் பொதுமக்கள் சார்பில் தனியாகக் கேட்டுத் தானே பதிலும் சொல்லியிருக்கிறார். இதில் நாம் பெருமைப்படலாம். அதைவிடவும் வெட்கப்பட வேண்டும். ஒரே அறிக்கைக்கு இந்நாட்டு மக்கள் இரண்டு முறை விலை கொடுத்திருக்கிறார்கள்: முதலில் வரியாக, முப்பது வருஷம் கழித்துப் புத்தகக் கடையில்.

3

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். 1952-ஆம் ஆண்டின் விசாரணைக் கமிஷன்கள் சட்டத்தில் 1971-இல் ஒரு ஷரத்துச் சேர்த்தார்கள். அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு, அதைச் சபையில் வைக்க வேண்டும். ஷா கமிஷன் அறிக்கையை வைத்தார்கள். சட்டம் கேட்டது அவ்வளவுதான். வைக்கப்பட்ட பிரதி பத்து வருஷம் கழித்து ஒரு சாதாரண வாசகனின் கைக்கு எட்டுமா என்பது சட்டத்தின் கவலை இல்லை. அந்த ஆறு மாத நிபந்தனையைக்கூட அரசால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்திரா காந்தி கொலையை விசாரித்த தக்கர் கமிஷனின் அறிக்கையை வெளியிடாமலிருக்க 1986-இல் சட்டத்தையே திருத்தினார்கள். 1989-இல் அறிக்கை பத்திரிகையில் கசிந்தபின் சபைக்கு வந்தது. 1990-இல் அந்தத் திருத்தம் நீக்கப்பட்டது. ஓர் அறிக்கையை மறைக்க ஒரு சட்டம், அந்தச் சட்டத்தை மறக்க இன்னொரு சட்டம்.

இதே காலத்தின் இன்னொரு காட்சி. 1973 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை வளாகத்தில் இந்திரா காந்தி ஒரு காலப் பேழையைப் புதைத்தார். சுதந்திர இந்தியாவின் கதை எதிர்காலத்துக்காக அதனுள் வைக்கப்பட்டது. கதை ஒருதலைப்பட்சமானது என்று எதிர்க்கட்சிகள் கூச்சலிட்டன. 1977 டிசம்பரில் ஜனதா அரசு அதைத் தோண்டி எடுத்தது. புதைக்க ஆன செலவு 8,000 ரூபாய் என்றும் தோண்ட ஆன செலவு 58,000-க்கு மேல் என்றும் செய்தி வந்தது. பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அதைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பிரதமர் அலுவலகம் தன்னிடம் தகவல் இல்லை என்று பதில் தந்தது.

இரண்டு அரசுகளின் வரலாற்றுப் பிரக்ஞையும் இந்தத் தொகைகளில் தெரிகிறது. ஒன்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டதை மண்ணுக்குள் பத்திரப்படுத்தியது. மற்றது அதைத் தோண்ட ஏழு மடங்கு செலவழித்தது. அதே ஜனதா அரசு தன்னுடைய ஷா கமிஷன் அறிக்கை ஒவ்வொரு மாவட்ட நூலகத்திலும் நிலைத்து இருக்கவேண்டும் என்ற சிரத்தையைக் காட்டவில்லை. எதிரியின் பொய்யைத் தோண்டுவதில் இருந்த உற்சாகம் தன் கைவசமிருந்த உண்மையைப் பரப்புவதில் இல்லை. காங்கிரஸை மட்டும் குற்றம் சாட்டி எழுதுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

4

அப்படியானால் இந்தப் பணத்துக்கான கணக்கை யாரிடம் சொல்ல வேண்டும்? வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், வாடிக்கையாளர் கொண்டுவந்து போடும் பணம் வங்கியின் ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் வராது. பொறுப்புப் பக்கத்தில்தான் வரும். கையில் பணம் இருக்கிறது, ஆனால் அது நம்முடையதல்ல, கேட்டால் கொடுக்க வேண்டும். தமிழில் கடனுக்கும் கடமைக்கும் பொறுப்பு என்ற ஒரே சொல் நிற்பது நல்லதாகவே போயிற்று.

விசாரணைக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தவனை அரசின் கணக்குப் புத்தகம் எப்படிக் காண்கிறது? அவனுக்குக் கொடுத்த பயணப்படி ஒரு செலவு. அவன் சொன்னதைத் தட்டச்சு செய்தது ஒரு செலவு. செலவு முடிந்தால் உறவு முடிந்தது. உண்மையில் அவன் ஒரு வைப்புத்தொகையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். தன் அவமானத்தை, பயத்தை, பக்கத்து வீட்டுக்காரனோடு இனி வரப்போகும் பகையைப் பிணையாக வைத்து ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறான். 48,000 புகார்கள் என்பது 48,000 செலவுச் சீட்டுகள் அல்ல. அத்தனையும் பொறுப்புப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை. வரி கொடுத்தவனுக்கும் சாட்சி கொடுத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. வரி கொடுத்தவனிடம் பணத்துக்கு வவுச்சர் காட்டினால் தீர்ந்தது. சாட்சி கொடுத்தவனிடம் அவன் போட்டதையே திருப்பிக் காட்ட வேண்டும்.

பத்து வருஷம் யாரும் கேட்காத வைப்புத்தொகையை வங்கி என்ன செய்கிறது? 2014 முதல் அது ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்குப் போகிறது. போனபின்னும் உரியவரோ வாரிசோ வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். எவ்வளவோ குறைகள் உள்ள நம் வங்கிகள்கூட, கேட்க ஆளில்லை என்பதால் கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்லத் துணிவதில்லை. அரசு தன் மக்களின் சாட்சியத்தைப் பற்றி அப்படித்தான் சொல்கிறது. கேட்க ஆளில்லாத கோப்பு, கழிக்க வேண்டிய கோப்பு.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. வைப்புத்தொகை என்றால் ரகசியமும் உண்டல்லவா? தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொன்னவர் அதைத் தன் பேரன் ஒரு நூலகத்தில் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மைதான். பெயர்களை மறைக்கலாம், சிலவற்றைச் சாட்சியின் ஆயுள்வரை மூடி வைக்கலாம். ஆனால் ரகசியம் வைப்பாளரின் உரிமை. வங்கி தன் மோசடியை மறைக்க அதைக் கோர முடியாது. சாட்சிகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லி மூடப்பட்ட கோப்புகளில், காப்பாற்றப்பட்டவர் சாட்சியா அதிகாரியா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

5

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், ஆவணக் காப்பகமே அதிகாரத்தின் கருவிதானே என்றார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லே ஆள்பவனின் வீட்டைக் குறித்தது என்று தெரிதா எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆள்பவனின் வீட்டைப் பராமரிக்க நாம் ஏன் பணம் கேட்டுப் போராட வேண்டும் என்பது நண்பரின் வாதம். கெட்டிக்காரத்தனமான வாதம். ஸ்தூலமான ஒரு கோப்பின் முன்னால் அது நிற்காது.

மானிடவியலாளர் எம்மா டார்லோ நெருக்கடி நிலை பற்றி 2003-இல் வெளியிட்ட நூலில், டில்லியில் வெல்கம் என்ற மறுகுடியேற்றக் காலனியின் வீட்டுமனைக் கோப்புகளைப் படித்திருக்கிறார். சேரி இடிக்கப்பட்டவர்களுக்கு மனை ஒதுக்கிய சாதாரண அலுவலகத் தாள்கள் அவை. அவற்றினிடையே குடும்பக் கட்டுப்பாட்டு மையத்தின் ஒதுக்கீட்டு உத்தரவு என்று ஒரு படிவம் இருந்தது. கருத்தடை செய்துகொண்டதற்கோ, வேறொருவரைச் செய்துகொள்ள வைத்ததற்கோ சான்று. அதைக் காட்டினால் மனை. ஓர் அரசு தன் மக்களிடம் உடலை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கொடுத்ததற்கு, அரசே அச்சடித்த படிவம் சாட்சி. எழுதிய குமாஸ்தாவுக்கு அது சாட்சியம் என்ற எண்ணமே இருந்திருக்காது. வரிசை எண் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பார். ஆள்பவனின் வீட்டில் ஆள்பவனுக்கே தெரியாத அறைகள் இருக்கின்றன. பொய் சொல்லத் தீர்மானித்த அரசும் கணக்கை ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த ஒழுங்கில்தான் பிடிபடுகிறது.

ஷா கமிஷனின் கோப்புகளும் டில்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2018-இல் நெருக்கடி நிலை பற்றிய தம் நூலை வெளியிட்ட வரலாற்றாசிரியர் ஞான் பிரகாஷ் அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார். அறிக்கை மறைந்துபோன நாட்டில், அதன் மூலப் பொருள் எங்கோ ஓர் அலமாரியில் பிழைத்துக் கிடந்தது. யாரோ பெயர் தெரியாத சிலர் அதைக் கழிக்காமல் விட்டதால் கிடந்தது.

இப்படித் தப்பிப் பிழைப்பதை நம்பி ஒரு சமூகம் இருக்க முடியாது. 1993-இன் பொது ஆவணங்கள் சட்டம் 1892-க்கு முந்திய ஆவணத்தை, படிக்க முடியாதபடி சிதைந்தாலொழிய, அழிக்கக் கூடாது என்கிறது. வெள்ளைக்கார கலெக்டரின் குமாஸ்தா எழுதிய துண்டுச்சீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. 1976-இன் ஒதுக்கீட்டு உத்தரவுக்கு இல்லை. அதை மதிப்பிட்டு, முறைப்படி, பட்டியல் போட்டுக் கழிக்கலாம். மாநில அரசின் ஆவணங்களுக்கோ அந்தச் சட்டமே பொருந்தாது. 1962, 1965, 1971 யுத்தங்களின் ஆவணங்கள் தம்மிடம் இல்லை என்று தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே 2022 டிசம்பரில் சொன்னார். துறைகள் அனுப்பவில்லை. யுத்தத்துக்கே இந்தக் கதி என்றால் ஒரு சேரிவாசியின் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காப்பகத்துக்கான செலவைப் பயனை வைத்து நிர்ணயிக்க முடியாததற்கு இதுவே காரணம். எந்தத் தாள் எப்போது யாருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று தாளை எழுதியவனுக்கும் தெரியாது, கழிப்பவனுக்கும் தெரியாது. கழிப்பவன் மட்டும் தெரிந்தவன்போல் கையெழுத்திடுகிறான்.

6

இதெல்லாம் அரசியல், இலக்கியப் பத்திரிகையில் எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஞாபகத்தைக் காப்பாற்றுவது இலக்கியத்தின் வேலை என்று நாம் சொல்லிக்கொண்டு வருகிறோம். கவிதை பேசும், கமிஷன் மௌனம் சாதிக்கும் என்ற மனோபாவம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. இது நம் சௌகரியத்துக்காக நாமே உண்டாக்கிக்கொண்ட அனாமத்து. 34,988 என்ற எண்ணை எந்தக் கவிதையாலும் கண்டுபிடிக்க முடியாது. அதை யாரோ எண்ணியிருக்க வேண்டும். எண்ணியது பிழைத்திருக்க வேண்டும். அதன்பின் கவிஞன் அந்த எண்ணுக்குள் ஒரு முகத்தைக் காணலாம், காணாமலும் போகலாம்.

நமக்கு மிக அருகிலிருக்கும் ஓர் உதாரணம். 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாவில் பிடிக்கப்பட்டவர்கள் அடுத்த சில நாட்களில் சென்னை மத்தியச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். இதை விசாரித்தவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். நம் இலக்கிய உலகுக்கு அவரைத் தெரியும். எப்படித் தெரியும்? கம்பன் கழகத்து மேடைகளின் இஸ்மாயிலாக. வாலி வதையின் நியாயத்தைப் பற்றி நூல் எழுதியவராக. மரத்தின் பின் மறைந்து அம்பு எய்தவன் அரசனேயானாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவனா என்ற கேள்வியைக் காவியத்தில் கேட்டு மணிக்கணக்கில் பட்டிமன்றம் நடத்தியவர்கள், அதே மனிதர் நிஜமான சுவருக்குப் பின்னால் நிஜமான தடியை யார் எடுத்தது என்று விசாரித்து எழுதியதைப் படித்தார்களா? பட்டிமன்றத்தைக் கேலி செய்த சிறுபத்திரிகைக்காரர்களான நாமும் படிக்கவில்லை. நான் பார்த்த வரையில் நம் பத்திரிகை எதிலும் அதற்கு மதிப்புரை இல்லை.

2019-இல் மு. க. ஸ்டாலின் மிசாவில் சிறை சென்றாரா என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. ஷா கமிஷனில் பெயர் இருக்கிறதா, இஸ்மாயில் கமிஷனில் இருக்கிறதா என்று சில நாள் தமிழ்நாடே பேசியது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த அறிக்கைகளின் தேவை ஒரு பெயரைச் சரிபார்ப்பதாகச் சுருங்கிவிட்டது. அடிபட்ட மற்றவர்களின் பெயர்களை யாரும் தேடவில்லை. அன்றும் அந்தப் பக்கங்களை முழுதாக வாசித்துப் பேசியவர் மிகச் சிலரே.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. பொதுப் பணத்தில் நடந்த ஒவ்வொரு விசாரணையின் அறிக்கையும், தமிழ்நாட்டில் நடந்ததென்றால் தமிழிலும், எப்போதும் அச்சில் கிடைக்க வேண்டும். அதன் சாட்சியக் கோப்புகள் எந்த அரசு வந்தாலும் கழிக்க முடியாதவையாக இருக்க வேண்டும். மாநில ஆவணங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒதுக்கும் பணம் பழைமைப் பிரியர்களுக்குக் கொடுக்கும் மானியமாக நினைக்கப்படும் வரை இது எதுவும் நடக்காது. அது கடனுக்கான வட்டி.

நம்மிடமிருந்து கேட்க வேண்டியது இன்னும் குறைவு. இஸ்மாயில் எழுதியதை யாராவது ஒருவர் தேடி எடுத்து, ஒரு பிரதியாக, ஓர் உரைநடையாக, வாக்கியம் வாக்கியமாகப் படித்து எழுதட்டும். அடிபட்டவன் சொன்னது நீதிபதியின் ஆங்கிலத்தில் என்னவாக மாறுகிறது, எந்த இடத்தில் மொழி தயங்குகிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலைதான். வேறு யாரும் அதைச் செய்யப் போவதில்லை.